நாயனம் வாசிக்காத திங்கட்கிழமை

“திருடனா, திருடன் இல்லையா? ரெண்டுல ஒண்ணு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரியணும் சார்.”

காசிநாதன் நின்றபடியே பேசினார். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் இடுப்பு மறுபடி எழுந்திருக்க விடாது என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

எதிரே பஞ்சாட்சரம். இருபது வருஷம் கோர்ட் சம்மனைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரத்தில் கதவு கதவாகத் தட்டினவர். வீட்டுக்காரன் ஊரில் இல்லை என்று உள்ளே இருந்து குரல் வந்தால், வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே பொய்யா நிஜமா என்று சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு அதே மூக்கை வைத்துக் கல்யாண விசாரணை செய்கிறார். மாப்பிள்ளை குடிப்பானா, வேலை நிஜந்தானா, வேறு குடும்பம் உண்டா, எல்லாம் விசாரித்து எழுதிக் கொடுப்பார்.

சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தவள் எல்லம்மாள். பட்டு நூல் இழைத்துப் பிழைத்தவள், இப்போது பஞ்சாட்சரத்தின் கூட்டாளி. எந்த வீட்டுக்கும் பின்பக்கமாகத்தான் நுழைவாள்.

“மாப்பிள்ளை என்னா திருடினாருன்னு சொல்றாங்க?” என்றாள்.

“ஒரு புடவைக் கரைமா.”

“கரையை மட்டும் உருவிக்கினு போயிட்டாரா? புடவையை விட்டுட்டு?”

காசிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னார். ஜான்சன் என்கிற பையன், வேணுகோபாலின் டிசைன் சென்டரில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறான். ரெண்டு மாசம் உட்கார்ந்து ஒரு யாளிக் கரை போட்டான். ஒரே ஒரு ஜவுளிக்கடைக்கு மட்டும் என்று பேசிப் போட்டது. அது தறியில் பாதிகூட நெய்து முடியவில்லை. புதன்கிழமை அதே யாளி, அதே வாய், அதே வால், மெஷினில் நெய்த மலிவுப் புடவையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தொங்குகிறது. ஜான்சன்தான் திருடிக் கொடுத்தான், கம்ப்யூட்டரிலேயே அத்தாட்சி இருக்கிறது என்கிறார் வேணுகோபால்.

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுல முதல் கல்யாண ஓலை வாசிக்கணும் சார். என் பொண்ணு ரூபி பேரையும் அவன் பேரையும் சேத்து வாசிச்சுட்டா, அப்புறம் அழிக்க முடியாது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு பாஸ்டர் பேரை எழுதிக்கறேன்னார். எழுதச் சொல்லவா, வேணாமா?”

“உங்களுக்கு என்ன தோணுது?” என்றார் பஞ்சாட்சரம்.

“நல்ல பையன்னுதான் தோணுது. அவங்கம்மா அன்னம்மா சாயப்பட்டறையில கை வெந்து படிக்க வச்சுது. ஆனா தோணறதை நம்பிப் பொண்ணைக் குடுக்க முடியுமா?”

இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பஞ்சாட்சரம் சட்டையை மாட்டிக்கொண்டார்.

●

டிவிஎஸ் ஃபிஃப்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பக்கத்தில் இருக்கிறவள் கத்தினாலும் கேட்காது. எல்லம்மாள் வாயை மூடிக்கொண்டு வந்த ஒரே தெரு அதுதான்.

டிசைன் சென்டர் கீழே, வேணுகோபால் வீடு மேலே. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்து உள்ளே கூட்டிப் போனார்; கதவு மூடியதும் தறிச் சத்தம் அமுங்கியது. சாந்தமான மனுஷன். அறுபதை நெருங்குகிற வயசு.

“வா பஞ்சாட்சரம். ரெண்டு வருஷம் இருக்குமா பாத்து? கல்யாண விஷயமா வந்திருக்கே, தெரியும். பொண்ணு வீட்டுக்காரங்களைக் காப்பாத்து. வேற ஒண்ணும் சொல்லலை.”

மேஜைமேல் ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதின புகார். அஞ்சு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். அவருக்கும் அஞ்சு மணி.

மூலையில் ஒரு ஸ்டூலில் ஜான்சன். இருபத்தாறு வயசு. கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். தொட வேண்டாம் என்று சொன்னபிறகு அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்திருந்தான்.

“அத்தாட்சியைக் காட்டுங்க” என்றார் பஞ்சாட்சரம்.

வேணுகோபால் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இந்தக் கம்ப்யூட்டரை யார் போட்டாலும் முதல்ல நாயனம் வாசிக்கும். கருடசேவைக்கு நானே டேப் பண்ணினது. கடை திறக்கறப்ப மங்கலமா இருக்கணும்னு, தானா வாசிக்கிற மாதிரி செஞ்சு வச்சிருந்தோம். ஒயரை இழுத்து மேல பூஜை ரூம்லயும் ஒரு ஸ்பீக்கர். அதைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரி விளக்கே ஏத்துவா.”

“சரி.”

“போன ஞாயித்துக்கிழமை அமாவாசை. தெருவுல ஒரு தறி ஓடாது, உனக்கே தெரியும். சென்டர் பூட்டு. சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு இவன்கிட்ட. திங்கட்கிழமை காலையில வந்து போடறேன், நாயனம் வரலை. அதுக்குப் பதிலா இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வந்து நிக்குது. தானா கிளம்பறதுல ஏதோ மாத்தியிருக்காங்கன்னு எழுதியிருக்குதாம். நல்லா யோசி. அமாவாசை அன்னிக்குத் தெரு ஊமையா இருக்கும். அன்னிக்கு நாயனம் வாசிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அதனால நாயனத்தை நிறுத்திட்டு, சத்தமில்லாம கம்ப்யூட்டரைப் போட்டு, கரையைக் காப்பி பண்ணிக்கினு போயிருக்கான். நாயனத்தை நிறுத்தத் தெரிஞ்ச ஆள் இங்க இவன் ஒருத்தன்தான்.”

கோர்ட்டில் இப்படிப் பேசினால் பாதி வக்கீல்கள் தலையாட்டியிருப்பார்கள். பஞ்சாட்சரமும் ஆட்டினார். சும்மா ஆட்டினார்.

எல்லம்மாள் மட்டும் விரல்விட்டு எண்ணினாள். “ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்.”

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லண்ணா. ஞாயித்துக்கிழமை திருடினது புதன்கிழமை புடவையா வந்துடுமா? தறிக்கு மேல தொங்குதே ஓட்டை போட்ட அட்டை, அதை அடிச்சுக் கோக்கறதுக்கே ஒரு வாரம் ஆகும். நான் பாத்திருக்கேன்.”

“பவர்லூம் வேகம்மா” என்றார் வேணுகோபால்.

“தறி வேகமா ஓடும். அட்டை அடிக்கிறவன் கை வேகமா ஓடுமா? அவனுக்கும் ரெண்டு கைதானே.”

வேணுகோபால் மேஜைமேல் இருந்த காகிதத்தை நேராக்கி வைத்தார்.

●

“தம்பி” என்றார் பஞ்சாட்சரம் ஜான்சனைப் பார்த்து. “அந்த நாயனத்தை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குக் காட்டு. முதல்ல திரும்ப வர வை.”

ஜான்சன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார்.

பையன் ஓர் இடத்தில் அமுக்கி, ஏதோ அடித்தான். ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். சிலதில் டிக், சிலதில் இல்லை.

“கம்ப்யூட்டரைப் போட்டதும் யாரும் கேக்காமலே தானா எழுந்துக்கறது எல்லாம் இதுல இருக்குது சார். டிக் இருந்தா தானா கிளம்பும். எடுத்துட்டா சும்மா கிடக்கும், நாமளே கூப்பிட்டாத்தான் வரும்.”

“எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு கட்டம் இல்லாம போச்சே” என்றாள் எல்லம்மாள். “கண்ணு முழிச்சதும் தானா சாராயக்கடைக்குக் கிளம்புவார். ஒரு டிக் எடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.”

ஜான்சனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாயனத்துக்கு எதிரே டிக் போட்டான். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டான்.

திரையில் படம் சரியாக நிற்பதற்குள்ளேயே நாயனம் கிளம்பிவிட்டது. தவிலோடு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேலே இருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“என்னங்க! இந்நேரத்துல எதுக்கு நாயனம்?”

“ஒண்ணுமில்ல கமலாட்சி! செக் பண்றோம்!” என்று வேணுகோபால் மேலே பார்த்துக் கத்தினார்.

“இப்ப நிறுத்து தம்பி” என்றார் பஞ்சாட்சரம்.

ஜான்சன் தேடி, அமுக்கி, அடித்து, பட்டியலைத் திறப்பதற்குள் நாயனம் ஒரு சுற்று வாசித்து முடித்துவிட்டது.

பஞ்சாட்சரம் வேணுகோபால் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொன்ன கதையில ஒரு ஓட்டை. நாயனத்தை நிறுத்தணும்னா கம்ப்யூட்டர் உள்ள போகணும். உள்ள போகணும்னா முதல்ல போடணும். போட்டா நாயனம் வாசிச்சுடும். அமாவாசை அன்னிக்கு வந்தவன் முதல்ல ஒரு கச்சேரி நடத்திட்டுத்தான் அதை நிறுத்தியிருக்க முடியும். தெருவுல யாராவது கேட்டாங்களா?”

வேணுகோபால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “யாரும் சொல்லலை.”

“நீங்க மேல இருந்தீங்களே. நீங்க கேட்டீங்களா?”

“இல்லை.”

“அப்ப ஞாயித்துக்கிழமை நிறுத்தலை. அதுக்கு முன்னாடியே, கம்ப்யூட்டர் ஓடிக்கினு இருக்கறப்பவே நிறுத்தியாச்சு. சனிக்கிழமை காலையில நாயனம் வாசிச்சுதா?”

“வாசிச்சுது…” சட்டென்று நிறுத்திக்கொண்டார். “அப்ப சனிக்கிழமை செஞ்சிருக்கான்.”

“நான் சனிக்கிழமை லீவு சார்” என்றான் ஜான்சன். “ரூபி வீட்டுல வெள்ளை அடிச்சுக்கினு இருந்தேன்.”

பஞ்சாட்சரம் செல்போனை எடுத்து மார்க்கெட் டீக்கடைக்குப் போட்டார். காசிநாதனைக் கூப்பிடச் சொன்னார். எல்லம்மாள் அதற்குள் எழுந்து, மேலே யாரோ காய் நறுக்குகிற சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படிக்கட்டு வழியாகக் காணாமல் போனாள்.

“சனிக்கிழமையா? காலையில எட்டு மணிக்கு வந்தான் சார். ராத்திரி சாப்பிட்டுத்தான் போனான். ஏன்?” என்றார் காசிநாதன் போனில்.

“நடுவுல எங்கயாவது போனானா?”

“எங்க போறது? சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சு, ரூபிதான் தண்ணி ஊத்தினா. என்னா சார் விஷயம்?”

“அப்புறம் சொல்றேன்.”

போனை வைத்தார். பையன் முகத்தில் ரத்தம் திரும்பியது. பஞ்சாட்சரம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“ரொம்ப சந்தோஷப்படாதே தம்பி. நீ நாயனத்தை நிறுத்தலைன்னுதான் இப்பத் தெரியுது. கரையை நீ குடுக்கலைன்னு தெரியலை. அதுவும் இதுவும் வேற வேற.”

பையன் மறுபடி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

●

“சனிக்கிழமை இங்க யார் யார் இருந்தாங்க?”

“நான். அப்புறம்…” வேணுகோபால் யோசிப்பது போல் யோசித்தார். “ஸ்ரீவர்தன் வந்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவன். சின்னக் காஞ்சிபுரத்துப் பையன். அட, அவனுக்கும் இதெல்லாம் தெரியுமே! எனக்குத் தோணவே இல்லை பாரு.”

இவ்வளவு நேரம் ஜான்சன் ஒருத்தன்தான் என்று சொன்ன வாய் அது. பஞ்சாட்சரம் ஸ்ரீவர்தனுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். கால் மணியில் ஸ்கூட்டர் வந்தது. நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம், தோளில் ஸ்க்ரூ டிரைவர் பை. முப்பது வயசு. விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

“என்னைச் சந்தேகப்படறேளா ஸார்?”

“எல்லாரையும் படறேன். உங்களையும் சேத்து.”

“சனிக்கிழமை காலம்பற நான்தான் ஆன் பண்ணினேன். நாயனம் ஜோரா வாசிச்சது. ஆன்டிவைரஸ் போட்டுட்டுப் பன்னெண்டு மணிக்குக் கிளம்பிட்டேன். திங்கட்கிழமை இவர் கூப்பிட்டு, பெட்டி வந்திருக்குன்னார். வந்து படிச்சுச் சொன்னேன். அவ்வளவுதான்.”

“கிளம்பறதுக்கு முன்னாடி டிக்கை எடுத்துட்டுக் கிளம்பியிருக்கலாமே.”

ஸ்ரீவர்தன் சிரித்தான். கோபச் சிரிப்பு.

“ஸார், நாயனம் கேக்கப்படாதுன்னா ஸ்பீக்கர் ஸ்விட்சை அணைச்சா போச்சு. அது பிடிக்கலையா, தானா கிளம்பறதையெல்லாம் போட்டு வைக்க ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுலேர்ந்து நாயனத்தைத் தூக்கிட்டா, பெட்டியும் வராது, ஒண்ணும் வராது. வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டா ஈ காக்காய்க்குத் தெரியாது. டிக்கை எடுத்தா மட்டும்தான் அடுத்த தடவை போடறச்சே, ‘இங்க மாத்தியிருக்கா’ன்னு கம்ப்யூட்டரே பெட்டி போட்டுக் கத்தும். அந்தப் பெட்டியும் தானாவேதான் கிளம்பும். தானா கிளம்பறதை நிறுத்தப் போனவாளே ஒண்ணைத் தானா கிளப்பி விட்டுட்டுப் போயிருக்கா!”

பஞ்சாட்சரம் ஜான்சனைப் பார்த்தார். “நிஜமா?”

“ஆமா சார். அந்தப் பெட்டிக்குக் கீழேயே ‘திரும்ப வராதே’ன்னு சொல்றதுக்கும் ஒரு டிக் இருக்குது. அதைக்கூடப் போடலை.”

பஞ்சாட்சரம் மெல்ல நடந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். சம்மன் கொண்டுபோன காலத்தில் ஒருத்தன் இருந்தான். கதவைப் பூட்டி, பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்துக் காட்டுவான், யாரும் இல்லாத வீடு என்று நம்ப வைப்பதற்காக. அந்த நாலாவது இழுப்பில்தான் பஞ்சாட்சரத்துக்குச் சந்தேகம் வந்தது.

“இப்படிப் பாருங்க” என்றார். “திருட வந்தவன் சத்தம் வராம இருக்கறதுக்கு மூணு வழி. ரெண்டு வழியில தடயம் இல்லை. மூணாவது வழி, ஊரைக் கூட்டிச் சொல்ற வழி. இவன் அதையா எடுப்பான்? மறைக்கறதுக்காக யாரும் இதைச் செய்யலை. அந்தப் பெட்டி திங்கட்கிழமை வந்து நிக்கணும்னே செஞ்சிருக்காங்க. திருடன் வந்துட்டுப் போனான்னு எல்லாரும் நம்பணும். ஞாயித்துக்கிழமை இங்க யாருமே வரலை.”

“அப்ப கரை எப்படி வெளிய போச்சு?” என்றார் வேணுகோபால்.

“அது எப்பவோ போச்சு. எல்லம்மா எண்ணினாளே, மூணு நாள்ல புடவை வராதுன்னு. புடவை கடைக்கு வரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு ஆள், அது வர்றதுக்குள்ள ஒரு திருடனைத் தயார் பண்ணி வச்சிருக்கார். ஜான்சன் தம்பி, இந்த டிக் எடுக்கறதை நீ யாருக்காவது சொல்லிக் குடுத்தியா?”

“சொல்லிக் குடுக்கலை சார். ரெண்டு மாசம் முன்னாடி கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா எழுந்துக்கினு இருந்துச்சு. தேவையில்லாததுக்கெல்லாம் டிக் எடுத்தேன். அப்ப முதலாளி பக்கத்துல…”

நிறுத்திவிட்டான். சொல்லி முடிக்கப் பயந்தான். எட்டு வருஷம் சோறு போட்ட இடம்.

வேணுகோபால் எழுந்து நின்றார்.

“பக்கத்துல உட்கார்ந்தா கத்துக்கினதா ஆயிடுமா? எனக்கு மவுசையே சரியாப் பிடிக்கத் தெரியாது. பஞ்சாட்சரம், என் கரை போயிருக்குது. நஷ்டம் என்னுது. என்னையே திருடன்கிறியா? இவன் செஞ்சானோ அவன் செஞ்சானோ, நான் ரெண்டு பேர் பேரையும் எழுதித் தர்றேன். போலீஸ் பாத்துக்கட்டும்.”

பேனாவை எடுத்தார். ஸ்ரீவர்தன் பையைக் கீழே வைத்துவிட்டான். மணி நாலேகால்.

பஞ்சாட்சரத்திடம் சந்தேகம் இருந்தது, பிடி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் எல்லாம் கற்றுக்கொண்டார் என்று எந்த ஊரிலும் ரிப்போர்ட் எழுத முடியாது.

●

பின்பக்கக் கதவு திறந்தது. எல்லம்மாள் மோர்த் தம்ளரோடு இறங்கி வந்தாள். மீசைபோல மோர் ஒட்டியிருந்தது.

“நல்ல கைப்பக்குவம்ணா மேல. பெருங்காயம் சரியா இருக்குது.” கீழே நடந்தது எதுவுமே தெரியாதவள் மாதிரி வேணுகோபாலைப் பார்த்தாள். “ஏங்க, ஒரு சந்தேகம். திங்கட்கிழமை நாயனம் வாசிக்கலைன்னு உங்களுக்கு எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?”

“நூறு தடவை சொல்லியாச்சு. காலையில கம்ப்யூட்டரைப் போட்டப்பத்தான். ஏழு பத்து இருக்கும். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம்னு சீக்கிரமாவே திறந்துடுவேன்.”

“போடறதுக்கு முன்னாடி தெரியாது?”

“எப்படித் தெரியும்?”

“அதான் எனக்கும் புரியலை. நாயனம் கேட்டாத்தான் அக்கா விளக்கேத்துவாங்களாம். பதினோரு மாசமா அப்படித்தானாம். அன்னிக்கு நாயனமே வரலியே, விளக்கு என்னா ஆச்சு, ராகுகாலத்துல ஏத்திட்டீங்களாக்கான்னு கேட்டேன். இல்லைடி, ஏழு மணிக்கே ஏத்திட்டேன்னாங்க. எப்படிக்கான்னேன்.” தம்ளரைக் கவிழ்த்து கடைசிச் சொட்டைக் குடித்தாள். “‘அவர் படி இறங்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போனாருடி. இன்னிக்கு நாயனத்துக்குக் காத்துக்கினு இருக்காதே, ராகுகாலம் வந்துடும், நீ பாட்டுக்கு விளக்கை ஏத்திடுன்னார்’னு சொன்னாங்க.”

தெருவில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன.

வேணுகோபாலின் பேனா காகிதத்தின்மேல் நின்றது. மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது.

போலீஸ், ஜவுளிக்கடைக்காரர், ஜான்சன், ஸ்ரீவர்தன், எல்லோருக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ராகுகாலத்தில் விளக்கேற்றினால் வீட்டுக்கு ஆகாதே என்கிற பயத்தை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

“யாருக்குக் குடுத்தீங்க?” என்றார் பஞ்சாட்சரம். குரலை உயர்த்தவில்லை.

வேணுகோபால் அவரை நிமிர்ந்து பார்த்தார். இப்போது அந்தச் சாந்தம் இல்லை.

“நீ கேக்கறியா? நீ? என் பொண்ணு காந்தாவுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப யாருப்பா விசாரிச்சது? ‘தங்கமான குடும்பம், பவர்லூம் சொந்தம், ஒரு குறையும் இல்லை’ன்னு யார் எழுதிக் குடுத்தது?”

எல்லம்மாள் பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தத் தங்கம் மாசத்துக்கு ஒரு டிசைன் கேக்குது. குடுக்கலைன்னா காந்தாவைக் கொண்டாந்து வாசல்ல விட்டுட்டுப் போறேன்னுது. ரெண்டு தடவை விட்டுட்டும் போச்சு. யாளியைக் குடுத்தேன். ‘மாமா, அடுத்த வாரம் கடைக்கு வந்துடும்’னு போன சனிக்கிழமை காலையில போன் பண்ணினான். ஜவுளிக்கடைக்காரன் வந்து என் சட்டையைப் பிடிப்பானே, நான் யாரைக் காட்டறது? என் பொண்ணு புருஷனையா காட்டுவேன்?”

“அதனால என்னைக் காட்டினீங்களா சார்?” என்றான் ஜான்சன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

“உனக்கு வயசு இருக்குதுடா. வேற வேலை கிடைக்கும். என் பொண்ணுக்கு வேற வாழ்க்கை கிடைக்காது.”

“அவனுக்கு மட்டும் வேற வாழ்க்கை எங்க கிடைக்குமாம்?”

பின்கதவில் கமலாட்சி நின்றிருந்தாள். மேலே ஸ்பீக்கர் ஒயர் போவதற்காகச் சுவரில் போட்ட ஓட்டை வழியாகக் கீழே பேசுவது மேலே கேட்கும் என்று அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வந்து, புகார்க் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“மணி என்னா?” என்றாள் எல்லம்மாளிடம்.

“நாலரை, அக்கா.”

“அந்தப் பாஸ்டர் வீடு எங்க இருக்குது? நான் வந்து சொல்றேன்.”

“கமலாட்சி, காந்தாவை நினைச்சுப் பாரு” என்றார் வேணுகோபால்.

“அவளை நாளைக்குப் போய்க் கூட்டிக்கினு வந்துடறேன். அவங்க கொண்டாந்து விடறதுக்கு முன்னாடி நாமளே கூப்பிட்டுக்கலாம்.”

செருப்பை மாட்டினாள். பஞ்சாட்சரம் வண்டியை எடுத்தார். அவள் ஏறிக்கொண்டாள்.

“அப்ப நான்?” என்றாள் எல்லம்மாள்.

“நீ மாப்பிள்ளையோட வா.”

“வா மாப்பிள்ளை. ஸ்கூட்டர் வச்சிருக்கற சாமி நம்மைக் கொண்டுபோய் விடும். சந்தேகப்பட்டதுக்கு நாங்க மன்னிப்பு கேட்டுக்கறோம், ஓசியில கூட்டிக்கினு போனா.”

ஸ்ரீவர்தன் தலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தான். மூணு பேர் ஏறினதும் அது முனகியது.

●

பாஸ்டர் வீட்டு முன்னறையில் காசிநாதன் அப்போதும் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் நோட்டு விரித்திருந்தது. பாஸ்டர் பேனாவுக்கு மூடி கழற்றவில்லை.

கமலாட்சி உள்ளே வந்து நேராகக் காசிநாதனைப் பார்த்துச் சொன்னாள்.

“ஜான்சன் எடுக்கலைங்க. குடுத்தது எங்க வீட்டுக்காரர். வாங்கினது எங்க மாப்பிள்ளை. பழியை மட்டும் இந்தப் பையன்மேல போட்டாங்க.”

காசிநாதன் மூட்டை எடைபோடுகிற மாதிரி அவளைப் பார்த்தார். ஜான்சனைப் பார்த்தார்.

“உங்க மாப்பிள்ளை அப்படிப்பட்ட ஆளுன்னு, பொண்ணு குடுக்கறப்ப விசாரிக்கலையா?”

“விசாரிச்சோமே. இவர்தான் விசாரிச்சுக் குடுத்தார்.”

பஞ்சாட்சரம் அதற்குள் வாசல் வெளிச்சத்தில் நின்று தன் ரிப்போர்ட்டை எழுதி முடித்திருந்தார். ஜான்சன் குற்றமற்றவன் என்று நாலு வரி. அதை நீட்டினார்.

காசிநாதன் வாங்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதே சார். நீ கண்டுபிடிச்சது நிஜமாவே இருக்கட்டும். ஆனா உன் எழுத்தை நம்பிப் பொண்ணு குடுத்தவங்க கதியைத்தான் இப்பக் கேட்டேனே. இந்தம்மா அவங்க புருஷனுக்கு எதிரா வந்து சொன்னாங்க. அவங்க எழுதிக் குடுக்கட்டும்.”

எல்லம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஞ்சாட்சரம் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, தன் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேனாவைக் கமலாட்சியிடம் கொடுத்தார்.

“எனக்குத் தெலுங்குலதான் எழுத வரும்” என்றாள் அவள்.

“எதுல வேணா எழுதுங்கம்மா. எனக்குத் தமிழும் படிக்கத் தெரியாது” என்றார் காசிநாதன்.

அவள் எழுதினாள். காசிநாதன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தும் முடிகிற வரைக்கும் பார்த்தார். கடைசியில் பேர் எழுதி, கோடு போட்டாள். காகிதத்தை எடுத்து, ஈரம் காயட்டும் என்று இரண்டு தடவை ஆட்டினார்.

பிறகு ஜான்சன் பக்கம் திரும்பினார்.

“என்னாப்பா நின்னுக்கினு இருக்கே? முழுப்பேரைச் சொல்லு. பாஸ்டர் எழுதிக்கட்டும்.”